ஜப்பான்காரன் காலத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தாத்தாக்களே, பாட்டிகளே, எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கோயில் மண்டபத்து நாற்காலிகளிலும் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே,

வணக்கம். நலம் விசாரிப்பதை எல்லாம் நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கத்தான் எழுதுகிறேன். இந்த வயசில் வேலை வைக்கிறானே என்று திட்டாதீர்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுகிற வேலைதான். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கியதிலிருந்து 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வரும்வரை நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன தின்றீர்கள், வீட்டிலிருந்து யார் போனார்கள், போனவர்களில் யார் வந்தார்கள் என்பதை உங்கள் வாயால் சொல்லி ஒலிப்பதிவாக வைத்துவிட்டுப் போங்கள். புத்தகம் எழுத வேண்டாம், மேடை வேண்டாம், பேரப்பிள்ளையின் கைப்பேசி போதும்.

"வைத்துவிட்டுப் போங்கள்" என்று எழுதியதைப் படித்து முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. 1935-இல் பிறந்தவருக்கு இப்போது 90 வயதுக்குக் குறையாது. சண்டை வந்தபோது அவருக்கு ஆறு வயது, முடிந்தபோது பத்து. அவருக்கு மூத்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 1941-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அம்மா சொன்ன கதைதான் ஞாபகம், கண்ணால் பார்த்தது அல்ல. ஆக, கண்ணால் பார்த்தவர்களில் கடைசி வரிசை நீங்கள்தான்.

கேட்டால் எல்லா வீட்டிலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். "நான் அப்ப சின்னப் புள்ள, எனக்கு என்ன தெரியும்? எங்க அண்ணன் இருந்திருந்தா புட்டுப் புட்டு வச்சிருப்பாரு." அண்ணன் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். அப்புறம், சின்னப் பிள்ளையாக இருந்தது இதற்கு ஒரு குறையே இல்லை. பெரியவர்கள் பயந்துபோய் அரிசிக்கும் உயிருக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள், பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்குத்தான் விவரம் தங்கும்.

பினாங்கில் இருக்கும் அம்மாவின் சின்னத் தாத்தா அதற்குச் சாட்சி. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தபோது ஜனங்கள் ஓடி ஒளியவில்லை, நம்ம பக்கத்து விமானம் என்று நினைத்துத் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதனால்தான் அவ்வளவு பேர் செத்தார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தாத்தா சொன்னது வேறு. அவருக்கு அப்போது ஆறு வயது. அவருடைய அம்மா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆயர் ஈத்தாம் பக்கம் நடந்தபோது சாலை நெடுக மரக்கட்டைச் செருப்புகள் கிடந்தனவாம், ஒன்றுக்கும் ஜோடி இல்லை. இறங்கி ஒன்றை எடுக்கப் போனதற்கு அம்மாவிடம் முதுகில் ஒரு அடி வாங்கினாராம். அந்த அடியைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரிக்கிறார். குண்டின் எடை, விமானத்தின் எண்ணிக்கை எல்லாம் ஆவணத்தில் கிடைக்கும். ஜோடி இல்லாத செருப்பு எந்த ஆவணத்தில் கிடைக்கும், சொல்லுங்கள்?

அதே பினாங்கில் இன்னொரு விஷயம். அந்த டிசம்பர் நடுவில் வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நகரத்தில் கேட்க ஆளில்லை. அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகை ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, ஊரில் படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் ஜப்பான்காரனுக்குச் சொன்னார். இது நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவர் பிறகு அதை எழுதி வைத்தார் என்பதுதான். பத்திரிகைக்காரர், எழுதினார். மார்க்கெட் தெருவில் மூட்டை தூக்கியவர் எழுதவில்லை, அவர் பிள்ளையும் எழுதவில்லை. அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருக்கிறார், எழுப்பிக் கேட்க எங்களுக்குத்தான் தயக்கம்.

சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை விஷயத்துக்கு வருவோம். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் 60,000-க்கு மேல் வேலை செய்தார்கள், அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வெட்டிய புல், பெரும்பாலான கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த தேதி. இருக்கட்டும், அவர்களுக்கு அது வேண்டியதுதான். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்ட கூலிகள் போனார்கள், அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர் போட்ட கல் எங்கே? கைதிகளுக்கு ராணுவப் பட்டியல் இருந்தது, முகாம் அதிகாரி ஒளித்து வைத்த குறிப்பு இருந்தது. நம் ஆட்களுக்கு இருந்தது காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டில் கூப்பிட்ட பெயர்தான், அதை எழுதி வைத்திருந்த செக்ரோல் என்ற வருகைப் புத்தகமும் எத்தனை தோட்டத்தில் மிஞ்சியது?

ஆனால் பெயர் உங்களுக்குத் தெரியும்! லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த வீட்டில் யார் இருந்தார், அவர் பெண்சாதி பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், எந்த லாரியில் ஏறினார் என்று தெரியும். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிப்போய் அப்படியே லாரியில் ஏற்றிய கதையைப் பல குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். மூன்று மாதத்தில் வந்துவிடலாம், அரிசி தருவான், நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லிக் கூட்டிப்போன கதையும் கேட்டிருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் எது நடந்தது? யார் போனது? அரசாங்கத்திடம் இல்லாத அந்தப் பெயர்ப் பட்டியலை நீங்கள் மண்டைக்குள் வைத்துக்கொண்டு "அதெல்லாம் எதுக்குய்யா இப்ப" என்கிறீர்கள்.

தோட்டங்களும் இப்போது இல்லை. புத்ரஜெயா நிற்கிற இடம் பிராங் பெசார் தோட்டமாக இருந்தது என்று சொன்னால் என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் நம்புவதில்லை. கோலாலம்பூரைச் சுற்றி எத்தனை தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகவும் நெடுஞ்சாலையாகவும் ஆகிவிட்டன. எந்த டிவிஷனில் லயம் இருந்தது, கோயில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, ஆயாக் கொட்டகையிலிருந்து ஆறு எவ்வளவு தூரம், இதற்கெல்லாம் இனி உங்கள் பேச்சுதான் வரைபடம்.

சிலர் இன்னொரு மாதிரிச் சொல்வீர்கள். "ஐ.என்.ஏ.ல இருந்தவங்ககிட்ட போய்க் கேளு, அவங்கதான் வரலாறு." இந்திய தேசிய ராணுவத்தைத்தான் சொல்கிறீர்கள். நேதாஜி 1943-இல் சிங்கப்பூர் வந்தது, தோட்டத்துப் பெண்கள்கூட ராணி ஜான்சி படையில் சேர்ந்தது, ஜானகி ஆதி நாகப்பன் போன்றவர்கள் பிறகு நாட்டின் பொதுவாழ்க்கைக்கு வந்தது எல்லாம் பெருமையான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைப் பேச ஆள் இருந்தார்கள், பேட்டிகள் இருக்கின்றன, சீருடையில் படங்கள் இருக்கின்றன. சாக்குத் துணியில் தைத்த கால்சட்டை தொடையில் அறுத்ததைப் பேச யாரும் இல்லை. என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன்: வீரக்கதை நமக்குப் போதுமான அளவு இருக்கிறது, வயிற்றுக் கதைதான் குறைவு.

வயிற்றுக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் மலாயா தின்ற அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும், வந்துகொண்டிருந்தது. சண்டையில் கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. ரப்பரை வாங்க ஆளில்லை, பால் வெட்டு நின்றது, அதோடு சம்பளமும் நின்றது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஊபியை, அதான் மரவள்ளிக்கிழங்கை, எத்தனை விதமாகத் தின்ன முடியும் என்று பாடப்புத்தகத்தில் இல்லை. அவித்தும், சீவிக் காயவைத்தும், அரைத்து ரொட்டி தட்டியும், இலையைக் கடைந்தும், இரண்டு அரிசி மிதக்கிற கஞ்சியில் போட்டும் தின்றதை ஒரு பாட்டி விரல் மடக்கிச் சொன்னார். சிவப்பாக இருக்கும் பாம் எண்ணெயில்தான் தாளிப்பு, ராத்திரி விளக்கிலும் அதுவே. மழை பெய்யும் சாயங்காலம் சூடான ஊபியைச் சம்பலோடு நாங்கள் ஆசையாகத் தின்போம், நீங்கள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவீர்கள், ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரி, இப்போது சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தைச் சொல்லுங்கள். ஊர்க் கடிகாரத்தை எல்லாம் ஒன்றரை மணி நேரம் தள்ளி டோக்கியோ நேரத்துக்கு வைத்தான், பிள்ளைகள் இருட்டில் எழுந்து பள்ளிக்குப் போனார்கள். 1942-ஐ ஜப்பான் ஆண்டுக் கணக்கில் 2602 என்று எழுத வைத்தான். ஜப்பான் இருக்கும் திசையைப் பார்த்துக் குனியச் சொன்னான். செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி துணி மடிக்கும்போது இச்சி, நீ, சான் என்று எண்ணுவார். தமிழில் எண்ணினால் நடுவில் பேச்சு வந்து கணக்கு விட்டுப்போகிறதாம், ஜப்பான் மொழியில் எண்ணினால் விடுவதில்லையாம், ஏனென்றால் விட்டால் அடி விழும். அவருக்கு அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். எனக்கு அது பெரிய சரித்திரம்.

தேதி தெரியவில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கதை. அப்பாவின் பெரியம்மா செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர், அவர் அப்பாவுக்கு ஒர்க்ஷாப்பில் வேலை. ஒருநாள் பகலில் குண்டு விழுந்து வீட்டுத் தகரம் எல்லாம் பறந்ததையும், அவருடைய அம்மா பதுங்குகுழிக்குள் கைக்குழந்தையின் தலைமேல் பித்தளைப் பானையைக் கவிழ்த்துப் பிடித்திருந்ததையும் சொல்வார். "ஜப்பான்காரன் போட்ட குண்டு" என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தார். எப்போது என்று கேட்டால், தம்பிக்கு நாற்பது கழிவதற்கு முன்னால் என்பார். அந்தத் தம்பியின் பிறப்புப் பத்திரத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் 1945 ஜனவரி. அப்படியானால் அது ஜப்பான்காரன் குண்டே இல்லை, அந்த பிப்ரவரியில் அமெரிக்க பி-29 விமானங்கள் ரயில்வே ஒர்க்ஷாப்பைக் குறிவைத்துப் போட்டது. மார்ச் 10-இல் மறுபடியும் வந்து ரயில் பாதையைத் தேடிப் போட்ட குண்டில்தான் பழைய சிலாங்கூர் அருங்காட்சியகம் நொறுங்கியது, இன்றைக்குத் தேசிய அருங்காட்சியகம் நிற்கிற இடம். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரு போட்டா என்ன, பானை நெளிஞ்சது நெளிஞ்சதுதான்" என்றார். தேதி எங்கள் வேலை, கண்டுபிடித்துக்கொள்வோம். பானையை நீங்கள் சொல்லுங்கள். கெடாவில் வளர்ந்த ஒருவர் "நாங்க அப்ப சயாம்காரன் ஆட்சியில இருந்தோம்" என்றபோது பிள்ளைகள் அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தார்கள். 1943-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான்காரன் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்தது அவர்களுக்குத் தெரியவில்லை. தாத்தா சொன்னதுதான் சரி.

அடுத்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாத தயக்கம். வெட்கம், பயம், குடும்ப மானம்.

சயாமுக்குப் போன புருஷனிடமிருந்து இரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. செத்துவிட்டான் என்று ஊரே சொல்கிறது, மூன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும், ஒருவர் துணைக்கு வருகிறார், சேர்ந்து வாழ்கிறார்கள், அடுத்த பிள்ளையும் பிறக்கிறது. சண்டை முடிந்து எலும்பும் தோலுமாக முதல் புருஷன் லயத்து வாசலில் வந்து நிற்கிறான். இது ஒரு வீட்டில் மட்டும் நடந்தது அல்ல. அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பெயர் கொடுத்து ஆளை அனுப்பிய கங்காணியின் பிள்ளைகள், கணக்கெழுதிய கிராணியின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஓடியதும் ஜப்பான்காரன் நுழைவதற்குமுன் கடையை உடைத்து மூட்டை தூக்கி வந்த அப்பாக்கள் இருந்தார்கள். ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு பிந்தாங் தீகா ஆட்கள், அதாவது மூன்று நட்சத்திரக் கம்யூனிஸ்ட் படைக்காரர்கள், வந்து இழுத்துப்போனவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஏன் இழுத்துப்போனார்கள் என்று எண்பது வருஷமாக வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இதை எல்லாம் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எது சொல்ல வேண்டும், எது வேண்டாம் என்பது உங்கள் உரிமை. ஆனால் ஒரு வழி இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே "இதை நான் இருக்கும்வரை வெளியில் விடாதே" என்று சொல்லலாம், "இந்தப் பெயரை மட்டும் மறைத்துவிடு" என்று சொல்லலாம், எங்களில் ஒருவரை மட்டும் நம்பிக் கொடுக்கலாம். உங்கள் அம்மா செய்ததைக் கேட்டு நாங்கள் மூக்கைச் சுளிப்போம் என்று பயப்படாதீர்கள். அவர் அப்படிச் செய்ததால்தான் நாங்கள் இருக்கிறோம்.

நடுவில் நிற்கும் எங்கள் அப்பா அம்மாக்களுக்கும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் உண்மையான தடை நீங்கள்தான். தாத்தாவைக் கேட்டால் தாத்தா வாய் திறப்பதற்குள் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். "அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு." "அதைக் கேட்டா அழுதுடுவாங்க, விடு." அழுதால் என்ன? நிறுத்துவோம், தேத்தண்ணி கொடுப்போம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், அடுத்த வாரம் அவரே "அன்னைக்கு விட்ட இடம்" என்று ஆரம்பிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது "அது அப்படி இல்லப்பா" என்று குறுக்கே விழாதீர்கள். அண்ணனும் தங்கையும் ஒரே நாளை வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், ஒன்றாக உட்கார வைத்தால் குரல் ஓங்கினவர் கதைதான் நிற்கும். தொலைக்காட்சியை அணையுங்கள், விசிறியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கைப்பேசியை மேசைமேல் துண்டு போட்டு அதன்மேல் வைத்தால் தட்டுகிற சத்தம் வராது. "போரைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒன்றும் வராது. "சோப்பு இல்லாம எப்படித் துணி தொவைச்சீங்க", "பள்ளத்துல தண்ணி எடுக்க யாரு போனது", "வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை சண்டை முடிஞ்சதும் என்ன பண்ணீங்க" என்று கேளுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். தாத்தா நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வி போடாதீர்கள், நிறுத்தத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் நல்ல பகுதி.

பதிவு முடிந்ததும் பெயர், பிறந்த வருஷம், பிறந்த தோட்டம், பதிவு செய்த தேதி நான்கையும் கோப்பின் பெயரிலேயே போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள், பிறந்தநாள் வாழ்த்துக்கும் சாமி படத்துக்கும் அடியில் போய்விடும், கைப்பேசி மாற்றும்போது காணாமலும் போகும். குறைந்தது இரண்டு வேறு வீடுகளில் பிரதி இருக்கட்டும். சிங்கப்பூரில் 1979-இலேயே அரசாங்கம் வாய்மொழி வரலாற்றுக்கென்று ஒரு பிரிவு தொடங்கி, ஜப்பான்காரன் காலத்துக்குத் தனித் திட்டம் போட்டுத் தமிழிலும் பேட்டி எடுத்தது. கோலாலம்பூரில் முன்பு ஜாலான் டூத்தா என்றிருந்த ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் இருக்கும் நம் தேசிய ஆவணக் காப்பகமும் வாய்மொழி வரலாறு சேகரிக்கிறது. குடும்பத்தில் எல்லாருக்கும் சம்மதம் என்றால் அங்கே ஒரு பிரதி கொடுக்கலாமா என்று போய்க் கேட்போம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது அதிகாரி வந்து கேட்பார் என்று காத்திருந்தால் நடக்காது. எத்தனை தோட்டம், எத்தனை லயம், அவர்களால் எங்கே முடியும்?

கோயில் கமிட்டிகளும் பழைய மாணவர் சங்கங்களும் இதைச் செய்யலாம்தான். வருஷா வருஷம் மூத்தோரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவைக்கிறோம், ஒலிவாங்கியைத் தலைவர் கையிலேயே வைத்துக்கொள்கிறோம். பொன்னாடையைப் போர்த்திய கையோடு அரை மணி நேரம் பேசவும் விடலாம்.

செந்தூலில் இருக்கும் எங்கள் குடும்பத்துப் பெரியவர்களுக்கு மட்டும் கடைசியாக: இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், முதலில் பெரியம்மா வீடு. அந்தப் பானை இன்னும் பரணில் இருக்கிறது என்றீர்கள், இறக்கி வைக்கச் சொல்லுங்கள், படம் எடுக்க வேண்டும். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் "பேச வரல" என்று சொல்லும் தந்திரம் இந்த முறை எடுபடாது. சார்ஜரை நானே கொண்டுவருகிறேன், மத்தியானச் சாப்பாடு உங்கள் பொறுப்பு, ஊபி மட்டும் வேண்டாம் என்பீர்கள், தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவன்
செந்தூல், கோலாலம்பூர்